கப்பல் ஏறும் முன் மெடிக்கல்: வெளிநாடு போகும் சோளிங்கர்வாசிகள் பார்க்க வேண்டிய தேதி கணக்கு

சோளிங்கர்:-

சோளிங்கரில் இருந்தும், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழில் நடக்கும் ஊர்களில் இருந்தும் வெளிநாடு போகிறவர்களுக்கு பஞ்சமே இல்லை. வளைகுடாவுக்கு வேலைக்கு போவோர், ஆப்பிரிக்காவில் உள்ள தோல் தொழிற்சாலைகளுக்கு டெக்னீசியன்களாக போவோர், கப்பல் வேலைக்கு போகும் இளைஞர்கள், சிங்கப்பூர் போய் அங்கிருந்து சொகுசு கப்பலில் சுற்றுலா போகும் குடும்பங்கள் என்று பல வகை உண்டு.

பாஸ்போர்ட்டு, விசா, டிக்கெட்டு மூன்றையும் மாதக்கணக்கில் அலைந்து வாங்கி விடுகிறார்கள். ஆனால் மருத்துவ பரிசோதனையை மட்டும் ‘அது என்ன, ஒரு நாள் வேலை. அப்புறம் பாத்துக்கலாம்’ என்று கடைசிக்கு தள்ளி விடுகிறார்கள். பணமும் பயணமும் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நோய் இருப்பதால் மட்டும் பயணம் நிற்பதில்லை. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவரும் தவறான இடத்தில் டெஸ்ட் எடுத்தாலோ, தவறான தேதியில் ஊசி போட்டாலோ வாசலோடு திரும்பி வர வேண்டியதுதான்.

எந்த நாட்டுக்கு, எந்த வேலைக்கு போனாலும் முதலில் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. இந்த டெஸ்ட்டை எந்த இடத்தில் எடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள்? பயணத்துக்கு எத்தனை நாள் முன்பு எடுக்க வேண்டும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் டிக்கெட்டுக்கு பணம் கட்ட வேண்டும்.

சொகுசு கப்பல் சுற்றுலா

கப்பலில் ஏறும் முன் டெஸ்ட் எடுக்கும் பழக்கம் கொரோனா காலத்தில்தான் பொதுமக்களுக்கு தெரிய வந்தது. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பல் தடுத்து நிறுத்தப்பட்டது. அதில் இருந்த 3 ஆயிரத்து 711 பேரில் 712 பேருக்கு கொரோனா உறுதியானது. கப்பலில் இருந்த இந்தியர்கள் 138 பேர். அவர்களில் 132 பேர் ஊழியர்கள், 6 பேர் மட்டுமே பயணிகள். அந்த மாதம் 27-ந்தேதி 119 இந்தியர்கள் ஏர் இந்தியா விமானத்தில் டெல்லிக்கு அழைத்து வரப்பட்டனர்.

அதன் பிறகு கப்பல்கள் மறுபடி ஓட தொடங்கியபோது, டெஸ்ட் ரிப்போர்ட்டு இல்லாமல் யாரையும் ஏற்றுவதில்லை என்ற நிலை வந்தது. வெளிநாட்டு துறைமுகத்தில் ஏற வேண்டியவர்கள், தெரியாத ஊரில் லேப் தேடி அலைந்தார்கள். 2022-க்கு பிறகு கப்பல் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக இந்த விதியை கைவிட்டன. ஆனாலும் தொற்று நோய் எங்காவது பரவினால் விதி திரும்ப வரலாம் என்பதால், பதிவு செய்யும்போது ஒரு முறை, புறப்படும் வாரத்தில் ஒரு முறை என்று இரண்டு தடவை நிறுவனத்தின் விதியை படித்து பார்த்துக்கொள்வது நல்லது.

கப்பல் சுற்றுலா சென்னைக்கும் வந்து விட்டது. 2022 ஜூன் மாதம் சென்னை துறைமுகத்தில் இருந்து கோர்டிலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பல் பயணம் தொடங்கியது. 2023 ஜூனில் அதே கப்பல் சென்னையில் இருந்து இலங்கைக்கு புறப்பட்டது. இப்படி நம்மூர் துறைமுகத்தில் ஏறினாலும், சிங்கப்பூர் போய் ஏறினாலும், சில விதிகள் அனேகமாக எல்லா கப்பலிலும் ஒன்றுதான்.

கர்ப்பிணிகளை பயணம் முடிவதற்குள் 24-வது வாரம் தொடங்குவதாக இருந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. கணக்கு பார்க்க வேண்டியது கப்பல் ஏறும் நாளை வைத்து அல்ல, இறங்கும் நாளை வைத்து. அதற்கு முந்தைய மாதங்களில் இருப்பவர்களும் டாக்டரிடம் எழுதி வாங்கிய சான்றிதழ் கொண்டு போக வேண்டும்.

கைக்குழந்தைக்கு குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். நாள் கணக்கில் நடுக்கடலிலேயே போகும் நீண்ட பயணம் என்றால் 12 மாதம் என்பது பொதுவான விதி.

ஏறும் நேரத்தில் உடல்நல படிவம் ஒன்று கொடுப்பார்கள். வாந்தி, பேதி, காய்ச்சல் உண்டா என்று கேட்டிருக்கும். கப்பலில் வயிற்றுப்போக்கு வைரஸ் மளமளவென்று பரவும் என்பதால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மறைத்து ஏறி விட்டு பிறகு தெரிந்தால் அறையை விட்டு வெளியே வர முடியாது.

சிங்கப்பூர் போகிறவர்கள், அங்கு இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் ஆன்லைனில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். உடல்நல உறுதிமொழியும் அதிலேயே சேர்ந்து வருகிறது. இதற்கு கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் அது அரசு தளம் இல்லை என்று புரிந்துகொள்ள வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி: 10 நாள் கணக்கு

ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் போகிறவர்களுக்கு மிக முக்கியமானது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. எத்தியோப்பியா, கென்யா, நைஜீரியா, கானா, பிரேசில் எல்லாம் இந்த நோய் உள்ள நாடுகள். சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் எத்தியோப்பியாவின் தோல் தொழில் வளர்ச்சிக்கு பயிற்சி கொடுத்த நிறுவனம். அந்த வகையில் தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு எத்தியோப்பியா புதிய பெயர் அல்ல.

இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் அதை பரப்பும் ஏடிஸ் கொசு இங்கே ஏராளம். டெங்கு பரப்புவதும் இதே கொசுதான். நோயோடு ஒருவர் ஊருக்குள் வந்தால் கொசு மூலம் பரவி விடும் என்பதால்தான் இந்தியா இதில் கெடுபிடியாக இருக்கிறது.

நோய் உள்ள நாட்டில் இருந்து கிளம்பி 6 நாட்களுக்குள் இந்தியா வருபவரிடம் செல்லத்தக்க ஊசி சான்றிதழ் இல்லை என்றால், அவரை 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். போகும்போது யாரும் கேட்கவில்லையே என்று நினைத்து போனவர்கள், திரும்பி வரும்போது விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். கப்பல் சுற்றுலாவில் போனவர்களுக்கும் இதே விதி. வழியில் கப்பல் எந்தெந்த துறைமுகத்தில் நிற்கிறது என்பதை டிக்கெட்டு வாங்கும்போதே பார்த்து விட வேண்டும்.

ஊசி போட்ட நாளில் இருந்து 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 1-ந்தேதி போட்டால் 11-ந்தேதி முதல்தான் கணக்கு. முன்பு 10 ஆண்டுக்கு ஒரு முறை ஊசி போட வேண்டி இருந்தது. 2016 ஜூலை 11 முதல் அந்த விதி மாறி, ஒரு முறை போட்டால் ஆயுள் முழுவதும் செல்லும் என்று ஆகி விட்டது. பழைய மஞ்சள் புத்தகம் வைத்திருப்பவர்கள் அதை தூக்கிப்போட வேண்டாம். அதுவும் செல்லும்.

இந்த ஊசியை தெருமுனை கிளினிக்கில் போட முடியாது. மத்திய அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சோளிங்கர் பகுதி மக்கள் போகக்கூடியது சென்னைதான். 1899-ல் தொடங்கப்பட்ட கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், சென்னை துறைமுக சுகாதார அமைப்பு ஆகிய இடங்களில் ஊசி போடப்படுகிறது. ஒரு குப்பியை திறந்தால் பல பேருக்கு போட வேண்டும் என்பதால் எல்லா நாளும், எல்லா நேரமும் போட மாட்டார்கள். எந்த கிழமை, எத்தனை மணிக்கு, முன்பதிவு வேண்டுமா என்பதை விசாரித்து விட்டு கிளம்ப வேண்டும். சோளிங்கர் ரெயில் நிலையம் ஊருக்குள் இல்லை, பாணாவரம் பக்கம் உள்ளது. ஆகையால் காலை ரெயிலை பிடிக்க நினைப்பவர்கள் அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்க வேண்டும்.

ஒரிஜினல் பாஸ்போர்ட்டு கையில் இருக்க வேண்டும். மஞ்சள் புத்தகத்தில் எழுதும் பெயர், பாஸ்போர்ட்டு எண், பிறந்த தேதி மூன்றையும் அந்த இடத்திலேயே சரிபார்க்க வேண்டும். 9 மாதத்துக்கு குறைந்த குழந்தைகள், கர்ப்பிணிகள், முட்டை அலர்ஜி உள்ளவர்கள், 60 வயதை தாண்டியவர்கள், நோய் எதிர்ப்பு சக்தியை குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கப்பல் வேலைக்கு போகிறவர்களுக்கு

சுற்றுலா பயணிக்கு ஒரு படிவம் போதும். கப்பலில் வேலை பார்ப்பவருக்கு முழு மெடிக்கல் கட்டாயம். சமையல், ஹவுஸ் கீப்பிங், எஞ்சின், டெக் என்று எந்த வேலையாக இருந்தாலும் விலக்கு இல்லை.

இந்த பரிசோதனையை மத்திய அரசின் கப்பல் துறை தலைமை இயக்குனரகம் அங்கீகரித்த டாக்டர்கள்தான் செய்ய முடியும். அவர்களின் பட்டியல் இயக்குனரக இணையதளத்தில் இருக்கிறது. உள்ளூர் டாக்டர் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தால் செல்லாது. பெரிய சொகுசு கப்பல் நிறுவனங்கள் இதற்கு மேல், தாங்கள் சொல்லும் ஆஸ்பத்திரியில் தனி பரிசோதனையும் கேட்பது உண்டு.

சான்றிதழ் அதிகபட்சம் 2 ஆண்டு செல்லும். 18 வயது ஆகாதவர்களுக்கு ஒரு ஆண்டுதான். நிறக்குருடு இல்லை என்பதற்கான கண் சான்றிதழ் 6 ஆண்டு செல்லும். நடுக்கடலில் இருக்கும்போது தேதி முடிந்து விட்டால், அங்கீகரிக்கப்பட்ட டாக்டர் கிடைக்கும் அடுத்த துறைமுகம் வரை, அதிகபட்சம் 3 மாதம் அதை வைத்து ஓட்டலாம். ஆனால் முடிந்துபோன சான்றிதழோடு புதிதாக கப்பல் ஏற முடியாது. ஒப்பந்தம் 9 மாதம் என்றால், அந்த 9 மாதத்துக்கும் தேதி தாங்குமா என்று பார்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

கப்பல் வேலை தேடும் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. கடல் தொழிலாளர்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தை இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்டது. அதன்படி வேலை வாங்கி கொடுப்பதற்காக மாலுமியிடம் ஏஜெண்டு பணம் வாங்கக்கூடாது. மருத்துவ சான்றிதழ், மாலுமி புத்தகம், பாஸ்போர்ட்டு இந்த மூன்றின் செலவு மட்டுமே மாலுமியை சேர்ந்தது. ‘மெடிக்கலுக்கு’ என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்டால், அது மெடிக்கல் செலவு இல்லை என்பதை புரிந்துகொள்ள வேண்டும்.

வளைகுடா மெடிக்கல்

சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், ஓமன், பஹ்ரைன், கத்தார் ஆகிய 6 நாடுகளும் சேர்ந்து அங்கீகரித்த மையங்களில் எடுக்கும் பரிசோதனையைத்தான் மக்கள் இன்றும் ‘காம்கா மெடிக்கல்’ என்று சொல்கிறார்கள். இப்போது இதற்கான பதிவு ‘வாபித்’ என்ற இணையதளம் மூலம் நடக்கிறது. கத்தார் வேலை விசாவுக்கு சென்னையில் உள்ள கத்தார் விசா மையத்திலேயே கைரேகையும் மருத்துவ பரிசோதனையும் எடுக்கப்படுகிறது.

நெஞ்சு எக்ஸ்ரே, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி மற்றும் சி வகை, பால்வினை நோய், பெண்களுக்கு கர்ப்ப பரிசோதனை ஆகியவை இதில் அடக்கம். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும் பெண்கள் எக்ஸ்ரே எடுக்கும் முன்பே சொல்லி விட வேண்டும்.

பலரை ‘அன்பிட்’ ஆக்குவது எக்ஸ்ரேதான். முன்பு எப்போதோ காசநோய் வந்து, மருந்து சாப்பிட்டு முழுசாக குணமானவர்களுக்கும் நுரையீரலில் பழைய தழும்பு தெரிந்தால் சிக்கல் வரும். ஒரு மையத்தில் ‘அன்பிட்’ ஆனால் வேறு மையத்தில் போய் ‘பிட்’ வாங்கி விடலாம் என்று சொல்லும் புரோக்கர்களை நம்பக்கூடாது. முடிவுகள் கம்ப்யூட்டரில் ஏறி எல்லா மையங்களுக்கும் தெரிந்து விடும்.

இதற்கு ஒரே வழி, ஏஜெண்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உள்ளூரில் ஒரு எக்ஸ்ரேயும் ரத்த பரிசோதனையும் எடுத்து பார்ப்பது. வெளிநாட்டுக்கு இந்த ரிப்போர்ட்டு செல்லாது. ஆனால் கடன் வாங்கலாமா, வேண்டாமா என்று முடிவு செய்ய உதவும். நகையை அடகு வைத்த பிறகு ‘அன்பிட்’ என்று தெரிவதை விட, முன்பே தெரிந்து விடுவது மேல். காசநோய் இருப்பது தெரிந்தால் அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்.

‘பிட்’ சான்றிதழிலேயே அது எந்த தேதி வரை செல்லும் என்று அச்சாகி வரும். விசா தாமதமாகி அந்த தேதி தாண்டினால் மறுபடி பணம் கட்டி டெஸ்ட் எடுக்க வேண்டியதுதான். எனவே வேலை ஒப்பந்தம் கைக்கு வராமல் ஏஜெண்டு சொன்னார் என்று மட்டும் மெடிக்கலுக்கு ஓடக்கூடாது.

அங்கே போய் இறங்கிய பிறகு

இங்கே ‘பிட்’ ஆனதோடு வேலை முடிந்து விடுவதில்லை. வளைகுடா நாடுகளில் தங்கும் அனுமதி கொடுப்பதற்கு முன் அங்கேயும் ரத்தம், எக்ஸ்ரே எடுப்பார்கள். சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டு தொழிலாளர்கள் போய் இறங்கிய 2 வாரத்துக்குள் மருத்துவ பரிசோதனை முடிக்க வேண்டும். மலேசியாவில் ‘போமிமா’ என்ற அமைப்பு மூலம் 30 நாளுக்குள் பரிசோதனை நடக்கும். இதில் தேறாவிட்டால் ஊருக்கு திருப்பி அனுப்பி விடுவார்கள். இங்கே பணம் கொடுத்து போலி சான்றிதழ் வாங்கியவர்கள் அகப்படுவது இந்த இடத்தில்தான்.

வெளிநாட்டில் டெஸ்ட் எடுக்கும்போது தமிழ்நாட்டுக்காரர்களுக்கு என்றே ஒரு தொல்லை உண்டு. அது இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். லேப் படிவத்தில் ஒற்றை எழுத்து இனிஷியலோடு எழுதி விடுவார்கள். பிறகு இரண்டும் ஒரே ஆள் இல்லை என்று கவுண்டரில் நிறுத்தி விடுவார்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, அப்படியே எழுத்து பிசகாமல் எழுத வேண்டும். ரிப்போர்ட்டு ஆங்கிலத்தில் வேண்டும் என்றும் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு டெஸ்ட்டில் நோய் என்று வந்தாலும் பதற வேண்டியது இல்லை. 2020 டிசம்பரில் சிங்கப்பூரில் இருந்து கிளம்பிய ‘குவாண்டம் ஆப் தி சீஸ்’ கப்பலில் 83 வயது முதியவர் ஒருவருக்கு கொரோனா என்று ரிசல்ட்டு வந்தது. கப்பலையே திருப்பிக் கொண்டு வந்தார்கள். மறுபடி சோதித்தபோது அவருக்கு கொரோனா இல்லை என்று தெரிந்தது. மறு பரிசோதனை கேட்பது பயணியின் உரிமை. அதற்கு கையில் ஒரு நாளாவது இருக்க வேண்டும். கப்பல் ஏறும் நாள் காலையில் போய் இறங்குவதாக டிக்கெட்டு போட்டால் அந்த ஒரு நாள் கிடைக்காது.

ஹஜ் பயணிகள்

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பகுதிகளில் இருந்து ஹஜ் போகிறவர்களுக்கும் இதே தேதி கணக்குதான். மூளைக்காய்ச்சல் தடுப்பூசியை சவுதி போய் சேருவதற்கு குறைந்தது 10 நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். இந்தியாவில் இருந்து போவோருக்கு போலியோ சொட்டு மருந்தும் உண்டு. ஹஜ் கமிட்டி மூலம் போகிறவர்களுக்கு இதற்கான முகாம் நடக்கும். முகாம் தேதியை தவற விடக்கூடாது.

பின்னால் இருந்து எண்ண வேண்டும்

உதாரணத்துக்கு, மார்ச் 25-ந்தேதி பிரேசிலின் சாண்டோஸ் துறைமுகத்தில் ஒருவர் கப்பல் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவர் 24-ந்தேதியே அந்த ஊரில் இருக்க வேண்டும். சென்னையில் 22-ந்தேதி விமானம். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் 22-ந்தேதி செல்ல வேண்டுமானால் 12-ந்தேதிக்குள் ஊசி போட்டிருக்க வேண்டும். அன்று கூட்டம், மருந்து இல்லை, விடுமுறை என்று திருப்பி அனுப்பினால் என்ன செய்வது? எனவே பிப்ரவரி கடைசியிலேயே முடித்து விடுவது நல்லது. அதே நபர் ‘மார்ச் 15-ல் போட்டுக்கலாம்’ என்று விட்டால், நல்ல உடம்போடும் செல்லாத சான்றிதழோடும்தான் விமான நிலையத்தில் நிற்பார்.

கைப்பையில் இருக்க வேண்டியவை

* பாஸ்போர்ட்டு, அதன் 2 ஜெராக்ஸ்.
* ஊசி போட்ட மஞ்சள் புத்தகம். ஒரிஜினல் வேண்டும், செல்போன் போட்டோ போதாது.
* மருத்துவ சான்றிதழ், எக்ஸ்ரே ரிப்போர்ட்டு.
* சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள். பயண நாட்களை விட ஒரு வாரத்துக்கு கூடுதலாக, கடை அட்டையோடு.
* டாக்டர் சீட்டு, ஆங்கிலத்தில். மனநலம், தூக்கம், கடும் வலி ஆகியவற்றுக்கான சில மாத்திரைகளுக்கு வளைகுடாவில் கடும் கட்டுப்பாடு உள்ளது.
* வெளிநாட்டு சிகிச்சைக்கான பயண இன்சூரன்ஸ். கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் அவர் பார்ப்பது இலவசம் இல்லை. பழைய நோய் எதையும் மறைக்காமல் எழுதியிருந்தால்தான் இன்சூரன்ஸ் பணம் கிடைக்கும்.

மெடிக்கல் பெட்டியை விமானத்தில் லக்கேஜில் போட்டு விடக்கூடாது. பெட்டி வந்து சேர தாமதமானாலும் கப்பல் காத்திருக்காது. மாத்திரையும் சான்றிதழும் கைப்பையிலேயே இருக்கட்டும்.